டையக் மெஷின் போட்ட பிறகு வண்டி ஏன் கிளம்பவில்லை?

பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய யமாஹா வொய் 15 மோட்டார் சைக்கிளில் மீட்டரில் மஞ்சள் இன்ஜின் விளக்கு எரிந்தது. வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. டவுனில் ஒரு கடையில் கொடுத்தார். டையக் மெஷினை (கோளாறு பார்க்கும் கருவி) மாட்டி முக்கால் மணி நேரம் பார்த்தார்கள். அதற்குப் பிறகு ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, இன்ஜின் மட்டும் பிடிக்கவில்லை. "இசியு போய்விட்டது, புதுசு போட வேண்டும்" என்கிறார்கள் (இசியு என்பது இன்ஜினை நடத்துகிற சின்னக் கம்ப்யூட்டர்). டெஸ்ட் செய்தாலே இசியு எரிந்துவிடுமா என்பது அவர் கேள்வி. ரவாங்கில் வேலை, விடியற்காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்.

தம்பி, முதலில் இசியு-வுக்குப் பணம் கட்டாதீர்கள். டையக் மெஷின் மாட்டியதால் இசியு எரிவது ஏறக்குறைய நடக்காத விஷயம். "ஏறக்குறைய" என்று சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்த மெஷின் என்ன செய்கிறது என்று பாருங்கள். இசியு-விடம் கேள்வி கேட்கிறது, இசியு பதில் சொல்கிறது, அவ்வளவுதான். பேச்சு முழுவதும் ஒரு மெல்லிய வயரில் நடக்கிறது. மெஷினுக்கு வேண்டிய மின்சாரமும் உங்கள் வண்டி பேட்டரியிலிருந்தே போகிறது. வெளியிலிருந்து பெரிய கரண்டு எதுவும் உள்ளே வருவதில்லை. ஆனால் டையக் போடுவது என்றால் மெஷின் மாட்டுவது மட்டும் இல்லை. கவர்செட்டை (வண்டியின் பிளாஸ்டிக் மூடிகளை) கழற்றுகிறார்கள், சாக்கெட்டுகளை (வயர் இணைப்புகளை) உருவுகிறார்கள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கிறார்கள், சாவியை ஆன் செய்தபடியே விட்டுவிட்டு தே தாரே குடிக்கப் போகிறார்கள். உள்ளே ஓட்டி வந்த வண்டி வெளியே ஓடவில்லை என்றால், அந்த முக்கால் மணி நேரத்தில் கை பட்ட இடங்களில்தான் கோளாறு இருக்க வேண்டும். கை படாத இசியு-வை அங்கே ஏன் இழுப்பது?

அதனால் கடைக்காரரிடம் "என்ன கெட்டுப்போச்சு?" என்று கேட்பதைவிட "என்னென்ன கழற்றினீர்கள்?" என்று கேளுங்கள். சண்டை மாதிரி வேண்டாம். சும்மா பேச்சுவாக்கில் கேட்டாலே பாதிக் கதை வந்துவிடும்.

இப்போது வண்டிக்கு வருவோம். இரவில், சுற்றிலும் சத்தம் இல்லாத நேரத்தில் சாவியை ஆன் செய்யுங்கள். ஸ்டார்ட் பொத்தானைத் தொட வேண்டாம். சீட்டுக்குக் கீழே காதை வையுங்கள். "ங்ங்ஈஈ" என்று இரண்டு மூன்று வினாடி ஒரு சத்தம் கேட்டு நிற்க வேண்டும். அது பெட்ரோல் பம்பு லைனில் பிரஷர் ஏற்றுகிற சத்தம். சிறிய எஃப்.ஐ. வண்டிகளில் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோல் பீய்ச்சுகிற வண்டிகள்) அந்தப் பிரஷர் 250 முதல் 300 கிலோபாஸ்கல் வரை இருக்கும். சத்தம் இல்லையென்றால் பம்புக்குக் கரண்டு போகவில்லை, அல்லது பம்பு போய்விட்டது. டையக் போட்ட மறுநிமிடமே பம்பு தானாகச் செத்துப்போயிருக்கும் என்று நான் நம்பமாட்டேன். அதன் சாக்கெட்டை யாரோ கழற்றிவிட்டு மாட்ட மறந்திருக்கிறார்கள் என்பதுதான் என் முதல் சந்தேகம்.

காரணம் இருக்கிறது. யமாஹா வண்டிகளின் பட்டறைக் கையேட்டிலேயே டையக்னாஸ்டிக் மோடுக்குள் போகும் முறையில் ஒரு படி வரும்: சாவியை ஆஃப் செய், பெட்ரோல் பம்பின் சாக்கெட்டைக் கழற்று, அதற்குப் பிறகு மோடுக்குள் போ. இன்ஜெக்டரைச் சோதிக்கும்போது சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சிவிடக் கூடாது என்பதற்காக அப்படிச் சொல்கிறார்கள். ஆக ஒழுங்காக வேலை கற்ற மெக்கானிக் அதைக் கழற்றித்தான் இருப்பார். திருப்பி மாட்டினாரா என்பதுதான் கேள்வி.

இதை இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், நானே அந்தத் தப்பைச் செய்தவன். எஃப்.ஐ. வண்டி எனக்குப் புதிதாக இருந்த காலம். பக்கத்துத் தோட்டத்து மண்டோர் (கங்காணி) ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார். டெஸ்ட் எல்லாம் முடித்தேன், கவர்செட்டை மாட்டினேன், ஸ்டார்ட் செய்தால் பிடிக்கவில்லை. பிளக் மாற்றினேன். பேட்டரி மாற்றினேன். ஏர் ஃபில்டரைக்கூடக் கழற்றிப் பார்த்தேன், எதற்கு என்று இன்றைக்கும் தெரியவில்லை. மூன்று மணி நேரம் போனது. மண்டோர் ஒரு பக்கம் "நாளைக்குப் பெரட்டுக்கு நான் நடந்தா போறது?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். சாயங்காலம் மழை பிடித்தது, ஓர் இடி, கரண்டு போய்விட்டது. அதுவரை கடையில் மின்னல் எஃப்எம் சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது, மேலே காற்றாடி வேறு. எல்லாம் ஒரே நேரத்தில் அடங்கியதும் சும்மா சாவியைத் திருப்பினேன். மழைச் சத்தத்தைத் தவிர ஒன்றும் இல்லை. அந்த "ங்ங்ஈஈ" இல்லை. சீட்டைத் தூக்கினேன். சாக்கெட் டாங்கின் மேலேயே சாய்ந்து கிடந்தது, நான் கழற்றி வைத்த இடத்திலேயே. அழுத்தினேன், "டக்" என்றது. அடுத்த அழுத்தில் இன்ஜின் பிடித்தது. மண்டோரிடம் கூலி வாங்கவில்லை. வாங்க முகம் இல்லை.

உங்கள் வண்டி அண்டர்போன் வகை, டாங்கு சீட்டுக்குக் கீழே இருக்கிறது. சீட்டைத் தூக்கி, தேவைப்பட்டால் ஓரத்துக் கவரையும் எடுத்துவிட்டு, பம்பின் தலைக்குப் போகிற சாக்கெட்டைப் பாருங்கள். மாட்டியிருக்கிற மாதிரி தெரிந்தாலும் நம்பாதீர்கள். வயரைப் பிடிக்காமல், சாக்கெட்டின் உடம்பைப் பிடித்து மெதுவாக இழுங்கள். பூட்டு சரியாக விழுந்திருந்தால் அசையாது. விழவில்லை என்றால் கையோடு வந்துவிடும். மறுபடி "டக்" என்று கேட்கும்வரை அழுத்துங்கள். அதே மாதிரி அவர்கள் தொட்டதாகச் சொன்ன மற்றச் சாக்கெட்டுகளையும் ஒரு முறை இழுத்துப் பாருங்கள்.

பம்பு சத்தம் வருகிறது, இருந்தும் பிடிக்கவில்லை என்றால் அடுத்து பிளக்கைக் கழற்றுங்கள். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். ஐந்தாறு தடவை ஸ்டார்ட்டரைச் சுற்றிவிட்டு உடனே கழற்றுங்கள். நனைந்திருக்கிறதா, காய்ந்திருக்கிறதா? அந்த ஒரு பதிலை வைத்தே பாதித் தூரம் போய்விடலாம். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்து பெட்ரோல் வாடை அடித்தால் பெட்ரோல் வருகிறது, ஒன்று தீப்பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிப்போய் பிளக் மூழ்கிவிட்டது.

டையக் போட்ட வண்டியில் இந்த மூழ்குவதற்கு நிறைய வாய்ப்பு உண்டு. யமாஹா மெஷினில் டி 36 என்று ஒரு சோதனை இருக்கிறது. அதைக் கொடுத்தால் இன்ஜெக்டர் ஒரு வினாடிக்கு ஒன்றாக ஐந்து முறை திறந்து மூடும், "டிக் டிக்" என்று கேட்கும். பம்பு சாக்கெட்டைக் கழற்றாமல் இதைச் செய்தால் ஒவ்வொரு டிக்குக்கும் கொஞ்சம் பெட்ரோல் உள்ளே இறங்கும். கேட்கவில்லையே என்று இன்னொரு தடவை, தவுக்கே (கடை முதலாளி) வந்து பார்க்க இன்னொரு தடவை என்று நாலைந்து முறை அழுத்தினால் பிளக் குளித்துவிடும். பக்கத்திலேயே டி 30 என்று பிளக்கில் ஐந்து முறை தீப்பொறி விட்டுப் பார்க்கிற சோதனையும் இருக்கிறது. இரண்டும் நல்ல சோதனைகள்தான். என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தால் அரை நிமிடத்தில் இன்ஜெக்டரும், தீப்பொறிக்கு வோல்ட் ஏற்றுகிற காயிலும் உயிரோடு இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும்.

மூழ்கியிருந்தால் பிளக்கைத் துடைத்து வெயிலில் வையுங்கள், அல்லது புதிய பிளக் ஒன்று போடுங்கள், சில வெள்ளிதான். பிளக் துளை திறந்திருக்கும்போது உள்ளே தேங்கிய பெட்ரோலை வெளியேற்ற ஸ்டார்ட்டரைச் சுற்றலாம். ஆனால் ஒன்று: முதலில் இன்ஜெக்டர் சாக்கெட்டைக் கழற்றிவிடுங்கள், பிளக் கேப்பில் ஒரு பிளக்கை மாட்டி அதன் உலோக உடம்பை இன்ஜினில் தொடும்படி வையுங்கள், பிளக் துளையிலிருந்து தள்ளி. கேப்பை வெறுமனே தொங்கவிட்டுச் சுற்றினால் காயிலில் எழும்பும் வோல்ட் போக இடம் தேடி காயிலையோ இசியு-வையோ கெடுக்கும். துளைக்குப் பக்கத்தில் வைத்தால் பெட்ரோல் ஆவி "குப்" என்று பிடித்துக்கொள்ளும். புருவம் இல்லாமல் இரண்டு வாரம் திரிந்த ஒருவரை எனக்குத் தெரியும். வேலை முடிந்ததும் இன்ஜெக்டர் சாக்கெட்டை மறுபடி மாட்ட மறக்காதீர்கள், இல்லையென்றால் கதை முதலிலிருந்து தொடங்கும். பிளக்கைத் திருப்பிப் போடும்போது முதல் சில சுற்றுகள் கையாலேயே போடுங்கள். ஸ்பானரால் ஆரம்பித்து மரையைக் கெடுத்தால் இசியு விலையைவிடப் பெரிய செலவு வரும்.

அடுத்தது பேட்டரி. "ஸ்டார்ட்டர் சுற்றுகிறதே, பேட்டரி நல்லாத்தானே இருக்கு" என்று எல்லாரும் சொல்வார்கள். கார்ப் வண்டியில் அது சரி. எஃப்.ஐ. வண்டியில் ஸ்டார்ட்டர் சுற்றுவது மட்டும் போதாது, அதே நேரத்தில் பம்பு, இன்ஜெக்டர், காயில், இசியு எல்லாவற்றுக்கும் மீதி வேண்டும். உங்கள் வண்டி மாதிரி சிறிய வண்டிகளின் பேட்டரி 3 முதல் 5 ஆம்பியர் மணி வரைதான். சாவி போட்டாலே முன்விளக்கும் எரிகிற வண்டியாக இருந்தால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 35 வாட்டு பல்பு 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3 ஆம்பியர் இழுக்கும். அரை மணி நேரத்தில் 1.5 ஆம்பியர் மணி போய்விடும், அதாவது பேட்டரியில் மூன்றில் ஒரு பங்கு அல்லது பாதி. விளக்கு எரியாத வண்டி என்றாலும் முக்கால் மணி நேரம் சாவி ஆன், நடுநடுவே பத்துப் பதினைந்து முறை ஸ்டார்ட்டர் என்றால் பேட்டரி களைத்துத்தான் போகும். இசியு விழித்திருக்கும், மீட்டர் எரியும், ஸ்டார்ட்டரும் ஏதோ சுற்றும், பிடிக்க மட்டும் பிடிக்காது.

ஒரு சாதாரண மல்டிமீட்டர் இருந்தால் போதும். சாவி ஆஃபில், வண்டி கொஞ்ச நேரம் சும்மா நின்ற பிறகு, 12.6-க்கு மேல் காட்டினால் நல்லது. 12.2, 12.1 என்றால் சார்ஜ் போடுங்கள். ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது 10-க்குக் கீழே விழுந்தால் அந்த பேட்டரியை வைத்துக்கொண்டு வேறு எதையும் சோதிக்காதீர்கள், வருகிற பதில் எல்லாம் பொய்யாக இருக்கும். மீட்டர் இல்லையென்றால் நண்பருடைய அதே ரக வண்டியிலிருந்து நல்ல பேட்டரியை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பிளஸ், மைனஸ் மாறாமல். தயவுசெய்து ஓடுகிற காரிலிருந்து ஜம்ப் கேபிள் போடாதீர்கள். டையக் மெஷின் கொல்லாத இசியு-வை இந்த மாதிரி வேலைகள் கொன்றுவிடும்.

சாய்வு சென்சார் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது பலருக்குத் தெரியாது. வண்டி கீழே விழுந்தால் இன்ஜின் தானாக நிற்க வேண்டும் என்பதற்காக ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும் (எல்லா வண்டியிலும் இருக்காது, உங்கள் வண்டியில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்). அது நேராக நின்றால் இசியு-வுக்கு வண்டி நிற்கிறது என்று அர்த்தம், கவிழ்ந்தால் வண்டி விழுந்துவிட்டது என்று அர்த்தம். கவர்செட்டைக் கழற்றும்போது அந்தப் பெட்டியின் திருகைக் கழற்றி வயரிலேயே தொங்கவிட்டிருந்தால், அல்லது தலைகீழாக மாட்டியிருந்தால், வண்டி ஸ்டாண்டில் கம்பீரமாக நிற்கும், இசியு மட்டும் அது விழுந்து கிடப்பதாக நினைத்துக்கொண்டு பெட்ரோலும் தீப்பொறியும் தர மறுக்கும். பெட்டியின் மேல் எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்று குறி இருக்கும். நேராக வைத்து, சாவியை ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்ய வேண்டும். அப்படிச் செய்யாமல் இசியு தன் முடிவை மாற்றிக்கொள்ளாது. யமாஹாவில் இதற்குக் கோளாறு எண் 30. ஹோண்டா வண்டிகளில் சாய்வு சென்சார் கோளாறுக்கு இன்ஜின் விளக்கு 54 என்று மின்னும்.

விளக்கைப் படிக்கும் முறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், மெஷின் இல்லாமலே வீட்டு வாசலில் செய்யலாம். யமாஹாவில் ஒரு வினாடி நீளமாக எரிந்தால் பத்து, அரை வினாடி சின்னதாக மின்னினால் ஒன்று. மூன்று நீளம், மூன்று குட்டை என்றால் 33, அது இக்னிஷன் காயில் பக்கம். 12 என்றால் கிராங்க் சென்சார், 15 திராட்டில் சென்சார், 21 இன்ஜின் தண்ணீர்ச் சூடு சென்சார், 39 இன்ஜெக்டர், 46 வோல்ட் சரியில்லை, 50 இசியு-வின் உள்நினைவு. இவற்றில் 21 வந்தால் வண்டி எப்படியாவது ஓடும். 12 வந்தால் ஓடவே ஓடாது, பிஸ்டன் எங்கே இருக்கிறது என்று இசியு-வுக்குத் தெரியாமல் போய்விடும். ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும்போது மட்டும் அந்த விளக்கு மின்னுகிறதா என்று பாருங்கள். அப்படி மின்னினால் இசியு "என்னால் ஸ்டார்ட் செய்ய முடியாது, காரணம் தெரியும்" என்று சொல்கிறது. செத்துப்போன இசியு இப்படியெல்லாம் பேசாது.

மல்டிமீட்டர் ஊசியால் வரும் வினைகள் தனிக் கதை. சாக்கெட்டின் முன்பக்கத் துளையில் தடியான ஊசியை நுழைத்தால் உள்ளே இருக்கிற பித்தளைத் தகடு விரிந்துவிடும். மாட்டும்போது "டக்" என்று பூட்டும், ஆனால் உள்ளே பிடிப்பு இருக்காது. வண்டியை ஆட்டினால் பிடிக்கும், விட்டால் நிற்கும். பின்பக்கமாக, வயர் நுழைகிற ரப்பரை ஒட்டி மெல்லிய ஊசியை விட்டுப் பார்ப்பதுதான் முறை. இன்னும் சிலர் வயரின் மேலேயே குத்துவார்கள். அன்றைக்கு ஒன்றும் ஆகாது. நம் ஊர் மழையில் அந்தத் துளை வழியாக ஈரம் ஏறி, ஆறு மாதத்தில் உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருக்கும்.

மீட்டரை ஆம்பியரில் வைத்து மறந்துபோய் பேட்டரியின் இரண்டு முனையிலும் தொட்டால் மீட்டரின் பியூஸ் போகும். வண்டி வயரிங்கில் அப்படித் தொட்டால் வண்டியின் பியூஸ் போகும். பியூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றையும் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தாலும் மீட்டரில் தொட்டுப் பாருங்கள், மயிரிழை விரிசல் கண்ணுக்குத் தெரியாது. போயிருந்தால் அதே அளவு பியூஸ்தான் போட வேண்டும். சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுற்றுகிற ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள்.

கள்ளச் சுவிட்ச் இருக்கிறதா? வொய் 15-க்குத் திருடர் பயம் அதிகம் என்பதால் பலர் சீட்டுக்குக் கீழேயோ பின்னாலோ ஒரு சின்னச் சுவிட்ச் வைத்துப் பம்பு வயரை வெட்டி இணைத்திருப்பார்கள், அல்லது அலாரம் போட்டிருப்பார்கள். கடைக்காரருக்கு அது தெரியாது. கவரைக் கழற்றும்போது கை பட்டு ஆஃப் ஆகியிருக்கும். பழைய வண்டியாக வாங்கியது என்றால் உங்களுக்கே தெரியாமல் முதல் உரிமையாளர் வைத்தது இருக்கலாம். சிரிக்காதீர்கள், இதற்காகவே லோரியில் ஏற்றி வந்த வண்டியைப் பார்த்திருக்கிறேன்.

வண்டி கடையில் எத்தனை நாள் நின்றது என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வாரம் போல நின்றிருந்தால் எலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். செம்பனை இருக்கிற ஊரில் எலி இல்லாமல் இருக்குமா? பழக்குலையைத் தின்கிற எலியைப் பிடிக்கத்தான் தோட்டங்களில் கம்பு நட்டு, மேலே மரப்பெட்டி வைத்துக் கூகை வளர்க்கிறார்கள். கூகை வெளிக்காட்டில் வேட்டையாடும், லயத்து வாசலில் நிற்கிற வண்டிக்குள் நுழைகிற எலியை யார் பிடிப்பது? சீட்டுக்குக் கீழே புழுக்கை, துணித் துண்டு, கடித்த நார் ஏதாவது கண்ணில் பட்டால், அந்தச் சுற்றுவட்டார வயரை ஒவ்வொன்றாகத் தடவிப் பாருங்கள்.

சரி, இப்போது இசியு. அது உண்மையிலேயே போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? சாவியை ஆன் செய்ததும் அந்த மஞ்சள் விளக்கு ஒன்றரை வினாடி போல எரிந்து அணைய வேண்டும். எரிந்தால் இசியு விழித்துக்கொண்டது. எரியவே இல்லையென்றால் இசியு-வுக்குக் கரண்டு போகிறதா, எர்த் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும், பியூஸும் எர்த் வயரும்தான் அங்கே சந்தேகம். இதைவிட நல்ல சோதனை ஒன்று உண்டு. கடைக்காரரிடம் டையக் மெஷினை இன்னொரு முறை மாட்டச் சொல்லுங்கள். மெஷின் எண்களைக் காட்டினால், திராட்டிலைத் திருகும்போது அந்த எண் ஏறி இறங்கினால், பேட்டரி வோல்ட்டைச் சரியாகச் சொன்னால், அந்த இசியு உயிரோடு இருக்கிறது. செத்தவன் கேள்விக்குப் பதில் சொல்வானா? உள்ளே காயிலையோ இன்ஜெக்டரையோ ஓட்டுகிற ஒரு பகுதி மட்டும் போயிருக்கலாம்தான். அப்படியென்றால் டி 30-இலும் டி 36-இலும் அது தெரிந்துவிடும். "இணைப்புக்குக் காத்திருக்கிறது" என்றே மெஷின் நின்றால் மட்டும்தான் இசியு பற்றிக் கவலைப்பட ஆரம்பிக்க வேண்டும், அப்போதும் கரண்டு, எர்த், மெஷின் கேபிள் மூன்றையும் பார்த்த பிறகு.

நண்பர் வண்டியின் இசியு-வைக் கழற்றிப் போட்டுப் பார்க்கலாமே என்பீர்கள். பார்க்கலாம், கடைசியாக. வயரிங்கில் ஷார்ட் இருந்து அதனால்தான் உங்கள் இசியு போனது என்றால், நண்பருடையதும் அதே வழியில் போகும். அப்புறம் இரண்டு இசியு, ஒரு நட்பு.

"ஏறக்குறைய" என்று சொன்னேன் அல்லவா, அது இதுதான். மெஷின் இசியு-வைப் படிப்பது வேறு, இசியு-வில் எழுதுவது வேறு. கோளாறு எண்ணைப் பார்ப்பது, சென்சார் அளவைப் பார்ப்பது எல்லாம் படிப்பது. ரீமேப் செய்கிறேன், டாப் ஸ்பீடை ஏற்றுகிறேன், லிமிட்டை எடுக்கிறேன் என்று உள்ளே இருக்கிற புரோகிராமையே மாற்றுவது எழுதுவது. எழுதிக்கொண்டிருக்கும்போது பேட்டரி விழுந்தாலோ கேபிள் கழன்றாலோ பாதிப் புரோகிராமோடு இசியு நின்றுவிடும். ஆள் இருக்கிறார், மூளை இல்லை. உங்கள் கடையில் சும்மா கோளாறு பார்த்தார்களா, கூடவே "பவர் ஏற்றித் தருகிறேன்" என்று ஏதாவது செய்தார்களா என்று கேளுங்கள். செய்திருந்தால் நான் மேலே சொன்னதெல்லாம் இரண்டாவதுதான், அவரே தன் மெஷினில் பழைய புரோகிராமைத் திருப்பி எழுதித் தர வேண்டும். அந்த மாதிரி நின்றுபோனவற்றில் பலவற்றை வெளியே எடுத்து நேராக எழுதி எழுப்பிவிடலாம், புதுசு வாங்க அவசரம் இல்லை.

ஹோண்டா வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு வரி: அங்கே கோளாறு எண்ணைப் பார்க்க டையக் சாக்கெட்டின் இரண்டு முனையை ஒரு சின்ன ஜம்பரால் இணைப்பார்கள். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிட்டு ரப்பர் மூடியைப் போட்டார்களா என்று பாருங்கள். புதிய யூரோ 5 (புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிகளில் சிவப்பு நிற ஆறு முனைச் சாக்கெட் வந்துவிட்டது, அதில் இந்த ஜம்பர் விளையாட்டு வேண்டாம்.

கடையில் பேசும் விதம் பற்றி. அந்தத் தவுக்கே கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஒரு நாளைக்கு இருபது வண்டி பார்க்கிற இடத்தில் ஒரு சாக்கெட்டை மறப்பது யாருக்கும் நடக்கும், எனக்கே நடந்தது. ஆனால் "இசியு" என்று சொல்லிவிட்டால் வேறு தேடல் நின்றுபோகிறது, அதுதான் எனக்குப் பிடிக்காது. நேராகப் போய் "அண்ணே, பம்பு சாக்கெட்டை ஒரு தடவை பாருங்க, நேத்து டெஸ்ட்டுக்குக் கழட்டினீங்களா?" என்று கேளுங்கள். பத்துக்கு ஏழு பேர் அந்த இடத்திலேயே சீட்டைத் தூக்குவார்கள். இசியு மாற்றித்தான் ஆக வேண்டும் என்று நின்றால், மாற்றிப் போட்டு ஓடினால் மட்டும் பணம், ஓடாவிட்டால் பழையதையே மாட்டித் தர வேண்டும் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எப்படியானாலும் பழைய இசியு-வைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள், அது உங்கள் சொத்து.

வண்டி கிளம்பியதும் ஒன்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்: நீங்கள் அங்கே போனது ஸ்டார்ட் ஆகாததற்காக இல்லை, மஞ்சள் விளக்குக்காக. இந்தக் கலாட்டாவில் அந்தக் கோளாறு அப்படியே இருக்கும். முதலில் வந்த எண் என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். மெஷினில் பழைய கோளாறுப் பட்டியல் டி 61-இல் இருக்கும், டி 62 கொடுத்து அழித்திருந்தால் மட்டும் போய்விட்டிருக்கும். அழித்துவிட்டார்கள் என்றால் இரண்டு மூன்று நாள் ஓட்டுங்கள், உண்மையான கோளாறு என்றால் விளக்கு மறுபடி வரும். அப்போது எத்தனை நீளம், எத்தனை குட்டை என்று எண்ணி எழுதுங்கள், கூடவே பிளக் நனைந்திருந்ததா காய்ந்திருந்ததா, ஸ்டார்ட்டர் சுற்றும்போது எத்தனை வோல்ட் என்பதையும். மிச்சத்தை அதை வைத்துப் பார்ப்போம்.